மூச்சோடு மனத்தையும் கேளுங்கள்
நுரையீரல் அடைப்பு நோய் கண்ட கடும் புகைப்பழக்கத்தினரிடம் தற்கொலை எண்ணமும் மருந்தின் அளவு மீறும் ஆபத்தும் மிகுதி என்று ஒரு கட்டுரையில் படித்ததும் பெரியப்பா நினைவுக்கு வந்தார். 40 ஆண்டுகள் பீடி குடித்த அவர், கட்டில் விளிம்பில் முழங்காலில் கையூன்றி விடிய விடிய உட்கார்ந்தபடி, "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்பார். நாங்கள் அதை முதுமைப் புலம்பல் என்றே எண்ணினோம். இன்ஹேலரைப் பற்றித் தவறாமல் விசாரித்த மருத்துவர்களும் மனச்சோர்வைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மருந்திலும் கவனம் வேண்டும்: மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணியும் பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் கடுமையாக எச்சரித்தது. ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் பெரியப்பாவைப் போலப் புலம்புவோர் இருந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா எனத் தயங்காமல் நேராகக் கேளுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.