குருதி வடித்த இரண்டாயிரம் ஆண்டுகள்

எந்த வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், "இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறதே, அதைவிடச் சான்று வேண்டுமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இக்கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது குருதி வடித்தல்.

குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் சமநிலை குலைவதே நோய் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் அக்கருத்தை விரித்து எழுதியபின், குருதி நாளத்தைக் கீறிக் குருதியை வெளியேற்றுவது ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் அன்றாட வைத்தியமாயிற்று. நம் சுசுருத சம்கிதையிலும் குருதியை உறிஞ்ச அட்டை விடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 1799 டிசம்பரில் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிய ஜார்ஜ் வாஷிங்டனின் உடலிலிருந்து, ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட குருதியை எடுத்தார்கள். அன்றிரவே அவர் இறந்தார். இனியும் எடுக்க வேண்டாம் என்று மறுத்துச் சொன்னவர், அங்கிருந்த மூன்று மருத்துவர்களில் வயதில் இளையவரான எலைஷா டிக்.

குருதி வடித்த மருத்துவர்கள் மூடர்களும் அல்லர், ஏமாற்றுக்காரர்களும் அல்லர். காய்ச்சலில் பிதற்றுபவனின் குருதியை எடுத்தால் அவன் வெளிறி, தளர்ந்து, அமைதியாகிவிடுவான். பார்ப்பவர்களுக்கு அது குணமாகத்தான் தெரியும். பல காய்ச்சல்கள் தாமாகவே தணிபவை. பிழைத்தால் வைத்தியத்தின் பெருமை, இறந்தால் நோயின் கடுமை என்று கணக்கு எழுதப்படும்வரை எந்த வைத்தியமும் தோற்காது.

இந்தக் கணக்கைத் திருத்தி எழுதியவர் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி. பிரான்சுக்கு 1833இல் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் இறக்குமதியான காலம் அது. நிமோனியா கண்ட 77 பேரின் குறிப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாள்களுக்குள் குருதி எடுக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தனர்; அதன்பின் எடுக்கப்பட்ட 36 பேரில் 9 பேர். குருதியே எடுக்கப்படாத ஒருவர்கூட அந்த ஒப்பீட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய அளவுகோலில் இது மிகச் சிறிய ஆய்வு, குறைகளும் உண்டு. ஆனாலும் மருத்துவ வரலாற்றில் கேலனின் நூல்கள் அனைத்தையும்விட இந்த நான்கு எண்களையே நான் மேலாக மதிக்கிறேன்.

ஆங்கில மருத்துவத்தின் அன்பர்கள் இதில் பெருமிதம் கொள்ள அதிகமில்லை. 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற பாடநூல்கூட, சில வகை நிமோனியாவுக்குக் குருதி எடுப்பதைப் பரிந்துரைத்தது.

பழைய ஏடுகளைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ, 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பொன்றைப் படித்தார். சிங்ஹாவ் என்னும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும் என்றது அது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற அவர், குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். அதை முதலில் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1972இல் நோயாளிகளிடம் கொண்டுசெல்லும் முன், அவரும் உடன் பணியாற்றிய இருவரும் தாங்களே அதை உட்கொண்டு, உடலுக்குக் கேடு உண்டா என்று மருத்துவமனையில் தங்கிக் காத்திருந்தார்கள்.