லக்டேட்டைப் பழி சொல்லாதீர்கள்
வேலை செய்த மறுநாள் உடம்பு வலிப்பதற்கு, தசை குளுக்கோசை உடைக்கும்போது உண்டாகும் லக்டேட் என்ற பொருள்தான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது பிழை. ஒட்சிசன் குறைந்தால் தசை குளுக்கோசை அவசரமாக உடைக்கும், லக்டேட் கூடும், அது சரி. ஆனால் அது கழிவு இல்லை, இதயம் அதையே எரித்துச் சக்தி எடுக்கிறது, ஈரல் திரும்பவும் குளுக்கோசாக்குகிறது, ஓய்வெடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அப்புறம் மறுநாள் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?

என் சித்தப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் சங்கு குளித்தவர். மேலே வந்ததும் வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடி கால் நடுங்க மூச்சு வாங்குவார். மூச்சடக்கும்போது உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும்தான் இரத்தத்தை ஒதுக்கும், தசையில் தேங்கிய லக்டேட் மேலே வந்த பிறகே இரத்தத்தில் கலக்கும். சித்திரை வெயிலில் வெங்காயத் தோட்டம் கொத்துகிறவருக்கும், இரத்தம் தோலுக்குப் போவதால், வெயில் இல்லாதபோது செய்கிற அதே வேலைக்கே லக்டேட் கூடும். அதையும் எழுதுங்கள்.