தடை போட்டால் எண்ணிக்கை குறையுமா?

சட்டம் கடுமையானால் கருக்கலைப்பு குறைந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி சொல்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் பாதுகாப்பற்றவை. எனக்கு மனசு கிடந்து துடிப்பது இந்த 45-ஐ நினைத்துத்தான்.

ருமேனியாவைப் பாருங்கள். 1966-இல் அரசு கருக்கலைப்புக்குத் தடை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிறப்புகள் கூடின, சரி. அப்புறம் அது மெல்ல இறங்கிவிட்டது. ரகசியமாகக் கலைக்கப் போய் உயிர்விட்ட பெண்களின் எண்ணிக்கைதான் ஏறியது. 1989 டிசம்பரில் தடை நீங்கியது. மறு ஆண்டே பேறுகால மரண விகிதம் ஏறக்குறையப் பாதியானது.

பெண்கள் கருவைக் கலைப்பதற்குக் காரணம் கேட்டால் பொறுப்பின்மை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கருத்தடை முறை பலிக்காமல் போனவர்கள், இருக்கும் பிள்ளைகளையே வளர்க்கத் திணறும் தாய்மார்கள், உடல்நிலை இடம் கொடுக்காதவர்கள் என்று எத்தனையோ பேர் இதில் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கருவைக் கலைக்கப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள், சரியான அளவில், சரியான வழிகாட்டுதலோடு எடுத்தால் பாதுகாப்பானவை. ரத்தப்போக்கு நிற்காமல் போனாலோ காய்ச்சல் வந்தாலோ கூச்சப்படாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை அந்தக் கட்டுரையில் இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம்.