ஐந்து பேர் பார்த்தால் போதுமா?

“ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள், செயலியின் 85 வீதக் கோளாறு தெரிந்துவிடும், வேறு சோதனை வேண்டாம்.” ஹட்டன், நுவரெலியா பக்கம் செயலி செய்யும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

கணக்கின் வேர், மென்பொருள் பயன்படுத்த எளிதா என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் எழுதிய ஆய்வு. ஒரு பயனர் சராசரியாக 31 வீதப் பிரச்சினைகளில் இடறுவார் என்று வைத்தால்தான் 85 வரும். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் கோளாறு, ஐவரில் தலைகாட்டும் வாய்ப்பு 41 வீதமே.

இன்னொன்று, ஐவரும் ஒரே விதமான பயனராக இருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்தின் நிறை பதியும் செயலியை எடுங்கள். கணக்கப்பிள்ளை அலுவலக மேசையில் தட்டுவார். கொழுந்து பறிக்கும் அக்காவோ மழையில் நனைந்த, கறையேறிய விரலால் இன்றைய கிலோவைத் தேடுவார். ஈரத்திரை தொடுகையைச் சரியாக ஏற்காது. இருவருக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும், அக்காவுக்குத் தராசடியிலேயே.

“பழையதைவிட வேகமா?” என்று அளக்க ஐவர் போதவே போதாது, அதற்கு நீல்சனே 20 பேர் கேட்டார். 2000இல் அவர் சொன்னதும் ஐவரோடு நிறுத்தச் சொல்லி அல்ல: 15 பேர் கிடைத்தால் ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் திருத்தச் சொன்னார்.