ஒரு ரூபான்னு சொல்லி எங்கப்பா கணக்குல 1499 எடுத்தாங்க

எங்கப்பாவுக்கு 64 வயசு. காரிமங்கலம் பக்கத்துல கிராமம், ரெண்டு கறவ மாடு, காலைலயும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்துறார், அந்தப் பால் காசுதான் பேங்க் கணக்குல ஏறும். இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டயும் "பாக்கி எப்ப தருவே"ன்னு பேச்சு வாங்குனவர் கிடையாது. அப்படிப்பட்ட மனுசன் வீட்டு வாசல்ல போன மாசம் 6ஆம் தேதி காலைல பைனான்ஸ்காரப் பையன் ஒருத்தன் பைக்க நிறுத்திட்டு, "இன்னா பெரியவரே, டியூ கட்ட முடியலன்னா வண்டி எதுக்கு வாங்குறீங்க"ன்னு தெருவே கேக்குற மாதிரி கேட்டுருக்கான். அப்பா அப்பதான் பால் கேன எக்ஸ்எல்லு வண்டி முன்னாடி வெச்சு கயிறு கட்டிக்கிட்டு இருந்தாராம். எதிர்வூட்டு அத்த பாத்துக்கிட்டு நின்னுருக்காங்க. "கணக்குல காசு இருக்குப்பா, போன வாரம்தான பாஸ்புக்குல பதிஞ்சு பாத்தேன்"னு அப்பா சொல்ல, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, பவுன்ஸ் ஆயிருக்கு"ன்னுட்டுப் போயிட்டான்.

காசு இருந்துச்சுதான். 3120 ரூபா இருந்துச்சு. 5ஆம் தேதி வண்டி டியூ 2480 எடுக்கணும், அதுக்காகவே தொடாம வெச்சிருந்த காசு. 3ஆம் தேதி ராத்திரி, போன்ல படம் காட்டுற ஒரு ஓடிடி கம்பெனி அதுல இருந்து 1499 எடுத்துட்டான். மிச்சம் 1621. டியூ பவுன்ஸ். பேங்க்காரன் பவுன்ஸ் சார்ஜ் 250, அதுக்கு ஜிஎஸ்டி 45, ஆக 295 ரூபா பிடிச்சுக்கிட்டான். பைனான்ஸ்ல தனியா 500 அபராதம். இதெல்லாம் எங்கப்பா பாக்காத படத்துக்கு, தொறக்காத ஆப்புக்கு.

நான் ஓசூர்ல சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்ட்டு. அம்மா போன் பண்ணி அழுதப்பதான் எனக்கு விசயமே தெரியும். என்ன ஆச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தா, மே மாச லீவுக்கு கிருஷ்ணகிரில இருந்து அக்கா பையன் வந்திருக்கான், 11 வயசு, தாத்தா போன்ல கார்ட்டூன் பாக்கணும்னு ஒரு ஆப்ப டவுன்லோடு பண்ணிருக்கான், அது "7 நாள் ட்ரையல், வெறும் 1 ரூபா"ன்னு காட்டிருக்கு, "தாத்தா ஒரு ரூபாதான், பின் நம்பர் போடு"ன்னு கேட்டுருக்கான், பேரன் கேக்குறான் ஒரு ரூபாதானேன்னு அவரும் போட்டுட்டார். அவ்ளோதான் நடந்தது. ஒரு வாரத்துல லீவு முடிஞ்சு பையன் ஊருக்குப் போறப்ப எங்கக்கா பொறுப்பா அந்த ஆப்ப அழிச்சுட்டும் போயிருக்கா. ஆப்ப அழிச்சா சப்ஸ்கிரிப்சன் நிக்காதுன்னு அவளுக்கு யார் சொன்னா? எத்தனை பேருக்கு இது தெரியும்? போன்ல இருந்து ஆப்பு போயிடும், பேங்க் கணக்குல மாட்டுன கொக்கி அப்படியே இருக்கும்.

அந்தக் கொக்கிக்குப் பேருதான் ஆட்டோபே. அடுத்த லீவுல ஊருக்குப் போய் அப்பா போன்ல யுபிஐ ஆப்புக்குள்ள ஆட்டோபே பக்கத்தைத் தொறந்து பாத்தேங்க, எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. அதிகபட்சத் தொகை 1499. வருசத்துக்கு ஒரு தடவ. செல்லுபடி 30 வருசம். முப்பது வருசம்! 64 வயசுக்காரர் ஒரு ரூபான்னு நெனச்சு நாலு எண்ணை அழுத்துனதுக்கு அவருக்கு 94 வயசாகுற வரைக்கும் வருசா வருசம் எடுத்துக்கிட்டே இருக்கலாம்னு இவனுங்களே எழுதி வெச்சிருக்கானுங்க. அந்த ஒரு ரூபா ஸ்கிரீன்ல எவ்ளோ பெருசா இருந்துச்சுன்னு அக்கா பையன் கைய விரிச்சுக் காட்டுறான். 1499ங்குறது எங்க இருந்துச்சுன்னு கேட்டா அவனுக்கே தெரியல, நான் திரும்ப அந்த ஆப்ப ஏத்திப் பாத்தேன், பட்டனுக்குக் கீழ சாம்பல் கலர்ல, வெயில்ல நின்னு பாத்தா இருக்குறதே தெரியாத சைசுல இருக்கு. எங்கப்பா கண்ணாடியப் போட்டாக்கூட அத படிக்க முடியாது, படிச்சாலும் அது இங்கிலீசு.

இந்த இங்கிலீசு விசயத்தச் சொல்லியே ஆகணும். ஆர்பிஐ, அதான் ரிசர்வ் பேங்க், அதோட விதி ஒண்ணு இருக்கு, 2021 அக்டோபர் 1லருந்து கண்டிப்பா நடைமுறைல இருக்கு, இப்படி தானா பிடிக்குற காசுக்கு பிடிக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும், யாரு பிடிக்கிறா எவ்ளோ என்னைக்குன்னு அதுல இருக்கணும், வேணாம்னா நிறுத்திக்க வழி இருக்கணும். 15,000 ரூபா வரைக்கும் திரும்ப பின் கேக்காமலேயே எடுத்துக்கலாம்னு விட்டிருக்கிறதால இந்த முன்தகவல் ஒண்ணுதான் நமக்கு இருக்குற காவல். சரி, எஸ்எம்எஸ் வந்துச்சான்னு அப்பா போன்ல தேடுனேன். வந்திருக்கு. 2ஆம் தேதி மத்தியானம் வந்திருக்கு. முழுக்க இங்கிலீசு. அதுல இருக்குற கம்பெனி பேரு அந்த ஆப்பு பேரே இல்ல, அதோட தாய்க் கம்பெனியோ என்னமோ, பிரைவேட் லிமிடெட்னு முடியுற ஒரு பேரு, நானே கூகுள்ல போட்டுப் பாத்துதான் ரெண்டும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்சேன். அதுக்கு முன்னாடி ஒரு லோன் விளம்பரம், பின்னாடி ஒரு ரீசார்ஜ் விளம்பரம், நடுவுல இது. எங்கப்பா இத எப்படி சாமி புரிஞ்சுக்குவாரு?

ஆர்பிஐ சுற்றறிக்கைலயே முன்தகவல் தெளிவா, வாடிக்கையாளருக்குப் புரியுற வடிவத்துல இருக்கணும்னுதான் இருக்கு. எங்கப்பாவுக்குப் புரியுற வடிவம் தமிழ். ஏடிஎம்ல போனா தமிழ் இருக்கு, அவரு அதுலதான் எடுக்குறார். யுபிஐ ஆப்ப நான் தமிழ்லதான் போட்டுக் குடுத்திருக்கேன். டீக்கடைல, தீவனக் கடைல வெச்சிருக்குற அந்தப் பொட்டி கூட பத்து ரூபா வந்தா தமிழ்ல சத்தமா சொல்லுது. காசு வாங்குறப்ப ஊருக்கே கேக்குற மாதிரி தமிழ்ல சொல்லத் தெரியுது, ஒருத்தர் கணக்குல இருந்து 1499 உருவறப்ப மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியாத பாஷைல ரெண்டு வரி. இதுல எனக்கு இருக்குற கோவம் இன்னும் அடங்கல.

சரி, ரீபண்டு கேப்போம்னு 6ஆம் தேதி ராத்திரியே ஷிப்ட்டு முடிச்சு உக்காந்தேன். அந்த ஆப்புல போன் நம்பரே கிடையாது. தேடித் தேடிப் பாத்தேன், எங்கயும் இல்ல. சாட்டு மட்டும்தான். அதுக்குள்ள போகணும்னா லாகின் பண்ணணும், லாகின் பண்ணணும்னா ஓடிபி அப்பா போனுக்குப் போகும். அவரு ஊர்ல, நான் ஓசூர்ல. ராத்திரி பத்தரை மணிக்கு அவர எழுப்பி, "அப்பா இப்ப ஒரு நம்பர் வரும், ஆறு எண்ணு, மெதுவா சொல்லு"ன்னு சொல்லி, அவரு கண்ணாடியத் தேடி எடுத்து, சொசைட்டில பால் அளவு சொல்ற மாதிரி நாலு... ரெண்டு... ரெண்டு... ஏழுன்னு ஒவ்வொண்ணா சொல்றதுக்குள்ள இங்க நேரம் முடிஞ்சுபோச்சு. திரும்ப அனுப்பு. திரும்ப முடிஞ்சுபோச்சு. மூணாவது தடவ லாகின் ஆச்சு. வைக்குறப்ப அவரு, "கண்ணு, எம்மேல தப்பா இருந்தா விட்டுடு, போனது போவுட்டும்"னார். நைட்டெல்லாம் எனக்குத் தூக்கம் வரல. அவர் மேல என்ன தப்பு இருக்கு?

சாட்டுல முதல்ல மெசின் பேசுச்சு. எத கேட்டாலும் அதே நாலு பட்டன். அரை மணி நேரம் கழிச்சு மனுசன் வந்தான், வந்தவன் உங்க சிரமம் புரியுதுன்னு ஆரம்பிச்சு, வருசாந்திர பிளானுக்கு ரீபண்டு கிடையாது, விதிமுறைல இருக்கு, நீங்க ஒத்துக்கிட்டுத்தான் சேந்தீங்கன்னு முடிச்சான். காசு எடுத்தப்புறம் ஒரு நிமிசம் கூட படம் பாக்கல, ட்ரையல் முடியுறதுக்கு முன்னாடியே ஆப்ப அழிச்சாச்சு, உங்க சர்வர்லயே பாத்தா தெரியும்னு எழுதுனேன். அதே பதில வெட்டி ஒட்டுனான். நீங்க பேங்க்ல கேளுங்கன்னுட்டு சாட்ட மூடிட்டான்.

சந்தை நாளா பாத்து லீவு கெடச்சுது, பேங்க்ல நிக்க எடமில்ல. ரெண்டு மணி நேரம் நின்னு கவுண்டருக்குப் போனா, "நீங்கதான பின் போட்டுக் குடுத்திருக்கீங்க, நாங்க என்ன பண்ண முடியும், யுபிஐ ஆப்புல கம்ப்ளெய்ன்ட் போடுங்க". யுபிஐ ஆப்புல போட்டா, "பணம் வியாபாரிக்கு வெற்றிகரமா போயிடுச்சு, வியாபாரிய அணுகவும்". வியாபாரி யாரு, ராத்திரி சாட்ட மூடுன அவன்தான். அவன் பேங்க்ல கேளுன்றான். எடுக்கறப்ப மூணு பேரும் கைகோத்துக்கிட்டு ஒரு நொடில எடுத்தானுங்களே, குடுக்குறப்ப மட்டும் ஒருத்தன ஒருத்தன் தெரியாதா?

கேன்சல் பண்ண பட்ட பாடு வேற. அக்கவுண்ட், அதுக்குள்ள செட்டிங்ஸ், அதுக்குள்ள பிளான், கடைசில கேன்சல்னு ஒரு எழுத்து, அமுக்குனா உண்மையிலேயே போறீங்களான்னு கேக்குது, காரணம் சொல்லுன்னு கேக்குது, பாதி விலைக்குத் தர்றோம்னு சொல்லுது, இருக்குறேங்குறது பெரிய கலர் பட்டன், போறேங்குறது கீழ மங்கலா. இதெல்லாம் முடிச்சப்புறமும் யுபிஐ ஆப்புல ஆட்டோபே உயிரோடதான் இருந்துச்சு. அங்க போய் தனியா பின் போட்டு ரத்து பண்ணணும். உங்க வீட்ல பெரியவங்க போன் இருந்தா இன்னைக்கே அந்த ஆட்டோபே பக்கத்தப் பாருங்க, அவங்களுக்கே தெரியாம என்னென்ன இருக்குன்னு பாருங்க. எங்கம்மா போன்ல ஒரு ஜோசிய ஆப்பு இருந்துச்சு.

இப்படி வழிய மறைச்சு வெக்குறது தப்புன்னு சட்டப்படியே சொல்லியாச்சுங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல வழிகாட்டுதல் போட்டாங்க, வாடிக்கையாளர ஏமாத்துற 13 வித டிசைன அதுல பட்டியல் போட்டுருக்காங்க, அதுல ஒண்ணுக்குப் பேரே சப்ஸ்கிரிப்சன் ட்ராப். கேன்சல் பண்றத சிக்கலாக்குறது, அந்த ஆப்சன மறைக்குறது, இலவசம்னு சொல்லி பேமென்ட் விவரத்த வாங்கிக்குறது எல்லாம் அதுல வருது. அதப் படிச்சப்ப எங்க வீட்டுக் கதைய யாரோ பக்கத்துல இருந்து பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு. எழுதி வெச்சாச்சு, இவனுங்க அப்படியேதான் பண்ணிக்கிட்டு இருக்கானுங்க.

கம்பெனில கூட வேலை செய்ற அண்ணன் ஒருத்தர்தான் 1915க்கு அடிடான்னார். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். 12ஆம் தேதி அடிச்சேன், ஒரு அம்மா பொறுமையா கேட்டாங்க, என்னைக்கு எடுத்தாங்க, எவ்ளோ, சாட்டுல என்ன பதில் சொன்னாங்கன்னு, காசு எடுத்ததுக்கு வந்த எஸ்எம்எஸ்ல இருந்த 12 இலக்க பரிவர்த்தனை நம்பரையும் வாங்கிக்கிட்டு, புகார் எண் குடுத்தாங்க. எனக்கு அந்த ஒரு வாரத்துல மொத தடவையா ஒரு மனுசக் குரல் அப்பதான் கேட்டுச்சு. சாட்டு ஸ்கிரீன்சாட்டெல்லாம் நான் எடுத்து வெச்சிருந்தது அப்ப ஒதவுச்சு, அத எடுக்காம விட்டுடாதீங்க, அவனுங்க மூடுனதும் எல்லாம் மறைஞ்சுடும்.

29ஆம் தேதி 1499 கணக்குல வந்துச்சு. எடுத்து 26 நாள் கழிச்சு. கூடவே ஒரு மெயில், "எங்கள் நல்லெண்ணத்தின் அடிப்படையில் ஒரு முறை மட்டும்"னு. நல்லெண்ணமாம்! காசு வந்த சந்தோசமே அந்த வரியப் படிச்சதும் செத்துப்போச்சு. எங்கப்பா நாலு மணிக்கு எந்திரிச்சு கறந்த பாலோட காசு அது. எடுத்தது தப்புன்னு ஒரு வார்த்த இல்ல, மன்னிப்பு இல்ல, ஏதோ தர்மம் போட்ட மாதிரி எழுதிருக்கானுங்க.

அந்த 295ம் 500ம் யாரு குடுப்பா? ஓடிடிக்காரன் அது எங்க பொறுப்பு இல்லன்றான். பைனான்ஸ்ல டியூ லேட்டுன்னா லேட்டுதான்றான். பேங்க்ல மேனேஜர்கிட்ட எழுதியே குடுத்திருக்கேன், 10ஆம் தேதி குடுத்தது, நகல்ல சீல் போட்டு வாங்கி வெச்சிருக்கேன். புரியாத பாஷைல முன்தகவல் அனுப்புனதாலதான் இத்தனையும் ஆச்சு, அந்த 295 திரும்ப வேணும்னு தெளிவா எழுதிருக்கேன். "295 ரூபாய்க்காப்பா இவ்ளோ தூரம்"னு அங்க இருந்த ஒருத்தர் கேட்டார். சார், எங்க சொசைட்டில பால் ஊத்துற யாரயாச்சும் 295 ரூபாய்க்கு எத்தன லிட்டர் ஊத்தணும்னு கேட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு லீவு போட்டதுல எனக்குப் போன சம்பளம் அதவிட அதிகம், தெரிஞ்சுதான் போறேன்.

அப்பா இப்ப யுபிஐய தொடறதே இல்ல. தீவனக் கடைக்கு வேட்டி மடிப்புல நோட்டா எடுத்துட்டுப் போறார். போன் கத்துனா, "எவனாச்சும் எடுத்துட்டானா பாரு"ன்னு அம்மாகிட்ட நீட்டுறாராம். பேரன் போன் கேட்டா குடுக்க மாட்டேங்குறாராம், அந்தப் பையன் எங்கிட்ட, "மாமா, நான்தான் தாத்தா காச போக்கிட்டேனா"ன்னு கேக்குறான். 11 வயசுப் பையன்.

இன்னைக்கு தேதி 5. இந்த மாச டியூவுக்கு நான் இங்க இருந்தே காசு போட்டுட்டேன், காலைல போயிடுச்சு. வர்ற 10ஆம் தேதியோட பேங்க்ல மனு குடுத்து 30 நாள் முடியுது. அதுக்குள்ள பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்குற ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், ஆன்லைன்லயே போடலாம், பீஸ் கிடையாது. எல்லா காகிதத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சாச்சு.