டெக்சாஸுக்கு முன்பே ரத்தம் ஓடிவிட்டது

"ரத்தம் தெறிக்கும் படங்களைத் தொடங்கி வைத்தது 1974-இல் வந்த 'டெக்சாஸ் செயின் சா மசாக்கர்'தான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1963-இல், அமெரிக்க இயக்குநர் ஹெர்ஷல் கோர்டன் லூயிஸ் 'பிளட் ஃபீஸ்ட்' எடுத்துவிட்டார். மயாமியில், சுமார் 24,500 டாலரில், சில நாட்களில் எடுத்து முடித்த படம். சொல்லப்போனால் டெக்சாஸ் படத்தில் ரத்தம் குறைவுதான். அங்கே பயமுறுத்தும் வேலையை ரம்பச் சத்தமும் கொளுத்தும் வெயிலும் பார்த்துக்கொள்கின்றன.

லூயிஸ் கதையே வேறு. நாக்கைப் பிடுங்கும் காட்சியில் வருவது நிஜ ஆட்டு நாக்கு. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பை வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். இது கலர் படம் ஆயிற்றே! பெயின்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி பளீர் சிவப்பு. வில்லன் ஒரு கேட்டரிங்காரன். எகிப்திய தேவி என்று சொல்லி இஷ்டாருக்கு விருந்து படைக்கிறான். இஷ்டார் பாபிலோன் தேவி என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை போல. சிலையாக நிற்பதோ தங்க வர்ணம் அடித்த ஜவுளிக்கடைப் பொம்மை. போலீஸ்காரர்கள் மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் வசனம் ஒப்பிக்கிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை, சிரித்துச் சிரித்து வயிறுதான் வலித்தது. அந்தக் காலத்தில் விளம்பரத்துக்காக ரசிகர்களுக்கு வாந்திப் பை வேறு கொடுத்தார்கள்.

அப்புறம், லூயிஸையும் "உலகின் முதல்" என்று தூக்கிவைக்க வேண்டாம். ஜப்பானில் இயக்குநர் நொபுவோ நாகாகவாவின் 'ஜிகோகு' படம் 1960-லேயே நரகக் காட்சிகளில் தோலை உரித்துக் காட்டிவிட்டது.