'புறமுதுகு' என்று எழுதியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நடந்த சிட்டாங் ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். 1942இல் பர்மாவில் ஜப்பானியரிடமிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கியதைக் காகித வரைபடத்தில் இரண்டு பக்கமாக உட்கார்ந்து ஆடும் போர் விளையாட்டு அது. குழுவில் வந்த படத்தையும் பார்த்திருப்பீர்கள். 'புறமுதுகு காட்டி ஜெயித்த தளபதி' என்று அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தும் இருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று இரவு, பின்வாங்கும் படையை நடத்திய அந்தத் தம்பி குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

அவன் ஜெயித்தான். முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். விதி நாம் எல்லோரும் உட்கார்ந்து எழுதியது. கடைசி டர்ன் (ஆடும் முறை) முடியும்போது சிட்டாங் ஆற்றின் மேற்குக் கரையில் எத்தனை பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) இருக்கிறது என்பதுதான் கணக்கு. எத்தனை ஜப்பானிய கவுண்டரை (படையைக் குறிக்கும் காயை) அடித்தாய் என்பது கணக்கிலேயே இல்லை. படம் போட்ட அண்ணன் விதி படித்துவிட்டுத்தான் ஜப்பான் பக்கம் உட்கார்ந்தார்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிலின் ஆற்றிலிருந்து சிட்டாங் ரயில் பாலம் வரை ஒரே ஒரு புழுதிச் சாலை. இரண்டு பக்கமும் காடு. எதிரி பக்கத்துக் கட்டத்தில் வந்துவிட்டால் உங்கள் படை அங்கேயே நின்றாக வேண்டும், சும்மா நழுவ முடியாது. அதனால் யாரையாவது பின்னால் நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் நகர முடியும். யாரை நிறுத்துவது? எத்தனை டர்ன்? நிறுத்தியவர்களை எப்போது கூப்பிடுவது? பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு கவுண்டர்தான் போகும். பாலத்தைச் சீக்கிரம் தகர்த்தால் நம் ஆட்கள் அக்கரையில். தாமதித்தால் எதிரி இக்கரையில், அதற்கப்புறம் ரங்கூன்வரை தடுக்க ஆளில்லை. முன்னேறித் தாக்குவதில் பகடை கைகொடுக்கும். பின்வாங்குவதில் ஒவ்வொரு கவுண்டரைத் தொடும்போதும் கை நடுங்கும். தம்பி மொக்பாலின் பக்கத்தில் ஒரு கூர்க்கா பட்டாலியனைக் குன்றின் மேல் நிறுத்தி, அது தாங்கிய நேரத்தில் இரண்டு பிரிகேடை (சில பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு பிரிகேட்) பாலம் கடத்தினான். அந்தப் பட்டாலியனையும் கடைசியில் இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்த யாரும் அப்படி ஒரு வரியை எழுத மாட்டார்கள்.

உண்மையில் நடந்தது என்ன? 1942 பிப்ரவரி 23, விடிகாலை சுமார் ஐந்தரை மணிக்கு அந்தப் பாலம் தகர்க்கப்பட்டது. ஜான் ஸ்மைத்தின் இந்திய 17ஆவது டிவிஷனில் 16, 46 ஆகிய இரண்டு பிரிகேடுகளின் பெரும்பகுதி அப்போது கிழக்குக் கரையில்தான் இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஒரு லாரி பாலத்தின் பலகையிலிருந்து சறுக்கி மணிக்கணக்கில் வழியை அடைத்தது. வழியில் சொந்தப் பக்கத்து விமானங்களே தவறுதலாக இவர்கள் மேல் குண்டு போட்டன. மிஞ்சியவர்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு, மூங்கிலைக் கட்டி மிதந்தும் நீந்தியும் வந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது டிவிஷனில் காலாட்படையினர் 3,484 பேர், துப்பாக்கி 1,420. ஸ்மைத் பதவி இழந்தார். மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில். நிஜத் தளபதியால் முடியாமல் போனதை ஒரு கல்லூரிப் பையன் காகித வரைபடத்தில் செய்து காட்டியிருக்கிறான். அவனுக்கு நாம் கொடுத்த பட்டம் புறமுதுகு.

"நின்று சண்டை போட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்" என்கிறார்கள். சரி, நின்றவர் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் கர்னல் பிரெய்த்வெயிட் கொள்ளிடக் கரையில் அன்னகுடியில் முகாம் போட்டு நின்றார். திப்பு சூழ்ந்த பிறகுதான் நகரப் பார்த்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் கொண்ட படை மொத்தமாகச் சிக்கியது. வேளையோடு கிளம்பியிருந்தால் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் போயிருக்கலாம்.

ஒருவர் குழுவில் வெண்ணிப் போரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கரிகாலனிடம் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னன் சேரலாதன் பிறந்த இனமாம் நாம். ஐயா, கோவில்வெண்ணி எனக்கும் தெரியும், நீடாமங்கலம் போகும்போதெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறேன். மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வந்ததாகத்தான் சொல்வார்கள். அவன் ஓடவில்லை. அதோடு அது ஓர் அரசன் தன் உடம்புக்குச் சொன்ன தீர்ப்பு. தன் பின்னால் கரையில் நிற்கும் ஆயிரக்கணக்கான பேரின் உயிருக்கும் சேர்த்து அந்தத் தீர்ப்பைச் சொல்ல எந்தத் தளபதிக்கு உரிமை இருக்கிறது?

கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கும் செய்தி வந்தால் படுகையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? 2018இல் திருச்சியில் பழைய இரும்புப் பாலமே இடிந்த வெள்ளத்தை நாம் பார்த்தோம். முதலில் குழந்தைகள், அப்புறம் ஆடு மாடு, வீட்டில் திடமான ஒருவர் கடைசிவரை இருந்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுக் கரையேறுவார். அவரை யாராவது கோழை என்று சொன்னதுண்டா?

"வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பார்கள் என்று தெரியும். இருக்கட்டும். எனக்கு இது விளையாட்டோடு நிற்கவில்லை.

என் தாத்தா ரங்கூனில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். 1941 டிசம்பரில் குண்டு விழுந்தபோதும் முதலாளி சொன்னார் என்று இருந்தார். சிட்டாங் பாலம் போன பிறகு இருக்க வழியில்லை. பிரோம் வரை வந்து, அங்கிருந்து தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்தார். வழி நெடுக காலரா. தங்கையைத் தோளில் தூக்கி வந்தார். கடைசியில் படகேறி சிட்டகாங். அப்படி லட்சக்கணக்கான பேர் வந்தார்கள், வழியிலேயே போனவர்களும் ஏராளம். இந்தப் பக்கத்தில் பர்மாவிலிருந்து வந்தவர் இல்லாத ஊர் குறைவு.

ஊரில் அவருக்கு வைத்த பேர் 'பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்'. கல்யாண வீட்டுப் பந்தியில், பஞ்சாயத்தில், கடன் கேட்கப் போன இடத்தில் எல்லாம் அதே பேர். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பார். அவர் தூக்கி வந்த தங்கை, எங்கள் அத்தைப்பாட்டி, பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்து முடித்தார். அந்த வீட்டில் இன்று படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த 'ஓட்டத்தில்' பிழைத்தவர்கள். இதை ஊரில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் முகம்தான் தெரிந்தது. அதனால் கோபம் அதிகமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார். கூர்க்கா பட்டாலியனை விட்டுவிட்டு வந்தது சரியா என்று. அது கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பற்றிப் பேச நான் எந்த நேரமும் தயார், தம்பியும் தயாராகவே இருப்பான், அன்றைக்கே அவன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் படம் போட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அண்ணனுக்கு நேரடியாகவே சொல்கிறேன். உங்களிடம்தான் நான் வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன், அந்த மரியாதை குறையாது. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். தம்பிக்கு நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள். அடுத்த ஆட்டத்திலும் 17ஆவது டிவிஷன் அவனுக்குத்தான். ஜப்பான் பக்கம் நான் உட்காருகிறேன்.